கத்திப் பிடி: புளியங்கட்டையில் தொடங்கி பழைய சாரத்தில் முடிந்தது

தூத்துக்குடி உப்புக் காற்றில் ஒரு வருஷம் முழுக்க மீன் வெட்டியும் ஆடாத பிடி ஒன்று கடைசியில் அமைந்துவிட்டது. அதற்குள் புளி, பூவரசு, பனை, படகுக்காரர்கள் வாங்கும் ரெசின், பழைய சாரம் (லுங்கி) என்று பலதும் பார்த்தாயிற்று. எது எங்கே காலை வாரியது, எதற்கு எவ்வளவு ஆயிற்று என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். அலகைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. நல்ல அலகு அடிக்க நம் பக்கம் கொல்லர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பட்டறையில் கத்தி செய்கிறவனை அழவைப்பது பிடிதான்.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு எட்டடி தகரக் கொட்டகை. நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர், கை டிரில்லை மாட்டுகிற ஸ்டாண்டு, ஒரு வைஸ், சி-கிளாம்ப்புகள், வெர்னியர், சமையலறையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த டிஜிட்டல் தராசு. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் அரைவட்டமாகவும் இருக்கும் அரம்தான் எல்லாவற்றையும் விட அதிகம் உழைத்தது. பெல்ட் கிரைண்டர் கிடையாது. வீடியோக்களில் பெல்ட் இயந்திரத்தில் ஐந்து நிமிஷத்தில் பிடியை வழித்துவிடுகிறார்கள். அரத்தில் அதற்கு ஒரு மாலை முழுக்கப் போகும். ஆனால் அரம் பிடியைச் சுடாது. பிடி சூடானால் உள்ளே பிசின் இளகும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அலகு லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. பட்டை தடிமனானது, அதைக் கொல்லர்தான் காய்ச்சித் தட்டி 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். நான் தேய்த்து முடிக்கும்போது முதுகில் 3 மில்லி நிற்கும். பழைய முறையில் அலகின் பின்பக்கம் ஒல்லியான வால் விட்டு, அதைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கி, அரக்கு ஊற்றி, வாயில் பூண் போடுவார்கள். அரிவாளுக்கு இன்றைக்கும் அதை விட நல்ல முறை இல்லை. பிடி உடைந்தால் வேறு கட்டை மாட்டிக்கொள்ளலாம். மீன் கத்தி நாளெல்லாம் தண்ணீரில் கிடப்பது. பூண் வழியாக நீர் இறங்கி, வால் உள்ளேயே துருப்பிடித்து மெலிவது வெளியே தெரியாது. அதனால் பிடி நீளம் முழுக்க இரும்பு ஓடி, இரண்டு பக்கமும் பலகை வைத்துப் பித்தளை ஆணி அடிக்கிற அமைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஆணிக்குத் துளை போடுவதிலேயே முதல் தடை. தோய்ச்சல் போட்டு (காய்ச்சி முக்கி இறுக வைத்து) வந்த கத்தியில் டிரில் பிட்டை வைத்தால் கீச்சென்று கத்தும், முனை நீலமாகும், இரும்பில் ஒரு பளபளப்பான புள்ளி மட்டும் விழும். அந்த இடம் முன்னை விட இறுகிப்போய், அடுத்த பிட்டையும் தின்னும். வேலையின் வரிசையை மாற்றியதும்தான் சரியானது. கொல்லர் அடித்து முடித்ததும் அலகைச் சூட்டோடு அடுப்புச் சாம்பலில் புதைத்து, மறுநாள் எடுத்துத் தருகிறார். இரும்பு இளகி இருக்கும், நான் துளை போட்டு, ஓரம் வடிவமாக்கித் திருப்பிக் கொடுக்கிறேன், அப்புறம்தான் தோய்ச்சல். “ஒரு கத்திக்கு ரெண்டு வாட்டி அடுப்பு மூட்டணுமா தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எட்டு அலகு சேர்ந்தால்தான் கொண்டுபோவது என்று பேசி முடித்தோம்.

துளையில் ஒரு கணக்கு உண்டு. ஆணி 5 மில்லி பித்தளைக் கம்பி. பலகையில் துளை சரியாக 5 மில்லி, இரும்பில் மட்டும் 5.5. பலகை அசைகிற அளவுக்கு இரும்புத் துளையில் இடம் இருந்தால் மரம் விரிசல் விடுவது குறைகிறது. ஆணி போகாத இடத்தில் சின்னச் சின்னத் துளைகள் நாலைந்து போட்டுவிடுவேன். பிசின் அதன் வழியே போய் இரண்டு பலகையையும் பிடித்துக்கொள்ளும், கத்தியின் பின்கனமும் கொஞ்சம் குறையும்.

இனி மரம். கறிக்கடையில் வெட்டுகட்டையாகப் புளியைத்தான் போடுவார்கள், அதனால் பிடிக்கும் அதுவே என்று ஆரம்பித்தேன். விறகுக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். வெளிப்பக்கத்து வெளிர்மஞ்சள் மரம் வேண்டாம், பூச்சி அரிக்கும். நடுவில் ஊதாக் கறுப்பாக இருக்கிற வைரம் மட்டும் வேண்டும். ஒரு தடி வாங்கினால் அதில் வைரம் கால்வாசிகூடத் தேறாது. 130 × 40 × 30 மில்லி அளவுக்கு அறுத்த துண்டு முதலில் 214 கிராம் இருந்தது. இரண்டு முனையிலும் பழைய பெயின்டைப் பூசி (இல்லையென்றால் முனை வெடிக்கும்) பரணில் போட்டு வாராவாரம் எடை போட்டேன். 158-க்கு வந்து நின்றுவிட்டது. காய்ந்துவிட்டது என்று நினைத்து, கார்த்திகையில் பிடி போட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

ஆனியில் மேற்கிலிருந்து வறட்டுக் காற்று அடிக்கத் தொடங்கியதும் பிடி சுருங்கியது. கண்ணுக்குத் தெரியாது. பிடியின் முதுகில் கட்டைவிரலை ஓட்டினால் இரும்பின் விளிம்பு தட்டுப்படும். வெர்னியரை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் தலா 0.3 மில்லி இரும்பு துருத்திக்கொண்டிருந்தது. 0.3 மில்லி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஈரக் கையோடு இரண்டு கிலோ பாறை மீனை வெட்டினால், அந்த விளிம்பு உள்ளங்கையில் கோடு போட்டுவிடும்.

எடை நின்றது உண்மைதான். ஆனால் அது ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் இருந்த ஈரத்துக்கு ஏற்றபடி நின்ற எடை. மரம் எந்தக் காற்றில் இருக்கிறதோ அந்தக் காற்றளவுக்குத்தான் காயும். இப்போது மரப் பலகைகளை 9 மில்லிக்கு அறுத்து, 60 வாட் குண்டு பல்பு எரிகிற மரப்பெட்டியில் வைத்து, அதில் எடை நிற்கும்வரை விடுகிறேன். ஒட்டுவது பங்குனிக்கு மேல்தான். மழைக்காலத்தில் மரம் ஒரு மயிரிழை உப்புகிறது. அது கையை அறுக்காது.

பூவரசு புளியை விட நல்ல பிள்ளை. நார் பின்னி ஓடுவதால் ஆணி அடிக்கும்போது பிளக்காது, கைக்கும் இதமான கனம். அதில் வந்தது வேறு வினை. பிடி வடிவமாக்கும்போது மரம், பித்தளை, இரும்பு மூன்றையும் ஒரே உப்புத்தாளில் சேர்த்துத் தேய்க்கிறோம். இரும்புத் தூள் மரத்தின் கண்களில் போய் உட்காருகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. முதல் தடவை தண்ணீர் பட்டதும் மறுநாள் பிடி முழுக்க நீலக் கறுப்பில் புள்ளி புள்ளியாக எழும்பிவிட்டது. மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிவிடும், அவ்வளவுதான். கருவேலிலும் இது வரும், இன்னும் மோசமாக. தேய்த்து எடுக்கலாம் என்று போனால் புதுத் தூள் உள்ளே போகிறது. இரும்பின் விளிம்பை முன்கூட்டியே முடித்து, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மரத்தை மட்டும் தனித்தாளில் தேய்த்தால் பாதிக்கு மேல் குறைகிறது. முழுசாகப் போவதில்லை. வெளிர் மரம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பனையை விட மனசில்லை. வைரம் பாய்ந்த பனையின் கறுப்பு நாரும் நடுவே ஓடும் வெளிர் சோறும் பார்க்கவே ஒரு தனி அழகு, அதுவும் இந்தப் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நார் கம்பி மாதிரி உறுதி, சோறோ நகத்தால் கிள்ளினால் வரும். தேய்க்கத் தேய்க்கச் சோறு பள்ளமாகி நார் மேலே நிற்கும், முனைகளில் சிராய் கிளம்பிக் கையில் ஏறும். மெல்லிய எபாக்சியை (இரண்டு பாகம் கலந்தால் இறுகுகிற ரெசின்) மூன்று தடவை குடிக்க வைத்துத் தேய்த்த பிறகு ஒரு பழக்கத்தி நன்றாக வந்தது. காய்கறி, பழத்துக்குச் சரி. மீனுக்கு வேண்டாம்.

கருங்காலியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கறுப்புச் சாயம் ஏற்றிய எந்தக் கட்டையும் அந்தப் பேரில் விற்கிறது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் பணம் கொடுக்க வேண்டாம். மான் கொம்புப் பிடி கேட்டும் ஆட்கள் வருகிறார்கள். காட்டில் உதிர்ந்து கிடந்ததாக இருந்தாலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விடாது. அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது பிசின். மரம் சுருங்கியதாவது விரலில் தட்டுப்பட்டது. கருவாடு போடுகிற அக்கா ஒருவருக்குக் கொடுத்த கத்தியில் ஒரு பக்கப் பலகை அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. “கத்தி நல்லாத்தான் தம்பி இருக்கு, பாதிதான் கையில நிக்குது” என்றார். பலகையின் உட்பக்கத்தைப் பார்த்தபோது காரணம் எழுதி ஒட்டியது போல இருந்தது. ஓரத்தில் மட்டும் காய்ந்த பிசின் ஒரு கோடு. நடுவில் மரம் வெறுமையாக, பிசின் பட்ட அடையாளமே இல்லாமல் கிடந்தது. இரும்பின் பக்கம் வழவழவென்று இருந்தது. கிளாம்ப்பை இறுக்க இறுக்க பலம் என்று நினைத்து முறுக்கியதில் பிசின் மொத்தமும் வெளியே பிதுங்கிவிட்டிருக்கிறது. போதாததற்கு இரும்பை 400 நம்பர் உப்புத்தாள் வரைக்கும் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசு) மெருகேற்றி வைத்திருந்தேன். பிசினுக்குப் பிடிமானமே இல்லை.

இப்போது ஒட்டுகிற முகம் இரண்டையும் 60 நம்பர் தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுகிறேன். அப்புறம் அசிட்டோன் துடைப்பு. பெயின்ட் தின்னர் வேண்டாம், எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். நகப்பூச்சு நீக்கியிலும் எண்ணெய் கலந்திருக்கும். துடைத்த பிறகு அந்த முகத்தை விரலால் தொடக்கூடாது. பிசின் அரால்டைட்டின் மெதுவாகக் காயும் வகை. சின்ன பேக்கில் ரெசின் 100 கிராம், ஹார்டனர் 80 கிராம் என்று இருக்கும். அதே விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்கிறேன், கண்ணளவு கிடையாது. சீக்கிரம் காயும் ஐந்து நிமிஷ வகையைப் பிடிக்குப் போடவே கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் ஐந்து நிமிஷம் இரண்டு நிமிஷமாகிவிடும், இரண்டாவது பலகையை வைக்கும்போதே இறுகத் தொடங்கும்.

கிளாம்ப்புக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூபை ஒன்றரை அங்குல அகலத்தில் நீளமாக வெட்டிப் பிடியைச் சுற்றிக் கட்டுகிறேன். இழுவை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விழுகிறது. ஓரத்தில் பிசின் முத்து முத்தாகத் துளிர்த்தால் போதும், அதற்கு மேல் இழுக்கக்கூடாது. ஒன்று மறக்கக்கூடாதது: அலகுப் பக்கம் வருகிற பலகை முனையை ஒட்டுவதற்கு முன்பே வழவழப்பாக்கி முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே உப்புத்தாளைக் கொண்டுபோனால் அலகில் கீறல் விழும். அந்த முனையில் வழிகிற பிசினைக் காயும் முன்பே அசிட்டோன் தொட்ட காது பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அரை மணி கழித்து ஒரு தடவை போய்ப் பார்த்தால், மறுபடி கசிந்திருக்கும்.

மீன் கத்திக்கு மரமே வேண்டாம் என்று முடிவு செய்தபின் துணிப் பலகைக்கு வந்தேன். துணியை அடுக்கி ரெசினில் ஊற வைத்து அழுத்தினால் வருகிற பலகை. நீரைக் குடிக்காது, காற்றுக்கு அசையாது. எங்கள் ஊரில் ஃபைபர் படகு பழுது பார்க்கிற சாமான் விற்கும் கடைகள் நிறைய. பாலியெஸ்டர் ரெசின் அங்கே மலிவு. அதில்தான் முதல் பலகையை ஊற்றினேன். இறுகியது, அறுக்கவும் வந்தது. ஆனால் டிரில் வெளியே வரும் பக்கம் அடுக்குகள் பிரிந்தன, ரெசின் நாற்றம் வாரக்கணக்கில் போகவில்லை. சாப்பாட்டுச் சாமான் வெட்டுகிற கத்தியில் அந்த நாற்றத்தை யார் பொறுப்பார்கள்? அந்த வழியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றிவிடக் கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் மற்றது.

எபாக்சிக்கு மாறினேன். ஒட்டுகிற பசை வகை இல்லை, துணியில் இறங்குகிற நீர்த்த வகை. துணிக்கு வீட்டில் கிடந்த பழைய சாரங்கள். எல்லாச் சாரமும் உதவாது. பாலியெஸ்டர் கலந்த துணி ரெசினைக் குடிக்காமல் மேலேயே வழுக்கும். ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், மற்றது உருகி மணியாக உருளும். பழசாகித் துவைத்துத் துவைத்து நைந்த பருத்திச் சாரம்தான் நன்றாகக் குடிக்கிறது. கஞ்சி போட்ட புதுத்துணி என்றால் சுடுதண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.

150 × 140 மில்லி துண்டுகளாக 24 அடுக்கு. அடியிலும் மேலும் தடித்த பாலித்தீன் தாள், அதற்கு வெளியே பிளைவுட், நாலு சி-கிளாம்ப். ஒவ்வொரு அடுக்கையும் ரெசினில் தோய்த்து, பழைய ஏடிஎம் கார்டால் வழித்து வைக்க வேண்டும். 130 கிராம் கலவை போயிற்று, ஏறக்குறைய 100 ரூபாய். கலவையை ஆழமான கப்பில் மொத்தமாக வைத்திருக்கக் கூடாது. அது தன் சூட்டிலேயே கொதித்து, கப் உருகிப் புகை வந்தது. இப்போது அகலமான தட்டில் ஊற்றி, விடியற்காலையில் வேலையை முடிக்கிறேன். ஒரு நாள் கழித்துப் பிரித்தால் 6.5 மில்லி தடிமனில் கெட்டிப் பலகை. இரண்டு கத்திக்குப் போதும். நீலக் கட்டம் போட்ட சாரம் என்றால், பிடியை வளைவாகத் தேய்க்கும்போது அடுக்குகள் வெங்காயத்தை நறுக்கினால் தெரிகிற வளையங்களாக வெளியே வருகின்றன. அதைப் பார்த்துத்தான் பாதி ஆட்கள் கத்தியே கேட்கிறார்கள்.

நேரம் இல்லாதவர்களுக்கு ஹைலம் ஷீட் இருக்கிறது, இதே மாதிரி அடுக்கி ரெசினில் அழுத்தி ஆயத்தமாக வருகிற பலகை. எலெக்ட்ரிகல் சாமான் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ துண்டாகக் கிடைக்கும். அறுத்த ஓரத்தில் துணி நெசவு தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். காகித அடுக்கில் செய்த வகை ஆணி அடிக்கும்போது சில்லு விடும். வெளிர்பச்சையாக, தேய்த்தால் கை அரிக்கிற கண்ணாடி நார் பலகை வேறு, அது வேண்டாம். பழைய மெயின் போர்டில் இருந்து கழற்றிய கருஞ்சாம்பல் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அறுக்கவே கூடாது. ஹைலமோ சாரமோ, தூள் மூக்குக்குள் போகக்கூடாதது. என்95 மாஸ்க் போட்டு, முடிந்தவரை வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்க்கிறேன். கிரைண்டர் போடுகிற நேரத்தில் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து, காற்று முதுகுப்பக்கம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் வற்றல் காய்கிற நாள் என்றால் வேலை இல்லை.

மெருகு விஷயத்தில் துணிப் பலகை மரத்துக்கு நேரெதிர். பளபளவென்று ஆக்கினால் மீன் செதிலும் தண்ணீரும் பட்டு வழுக்கும். 220 நம்பர் தாளிலேயே நிறுத்திவிட்டால் நனைந்ததும் துணி நார் லேசாக எழும்பிக் கையைப் பிடித்துக்கொள்கிறது. கருவாடு அக்காவுக்கு இப்படித்தான் கொடுத்தேன். முதலில் “முடிக்காம குடுத்துட்டியே” என்றார். அப்புறம் வாயைத் திறக்கவில்லை, தங்கச்சிக்கும் ஒன்று கேட்டிருக்கிறார்.

மரப்பிடிக்கு எண்ணெய் என்றால் எல்லோரும் தேங்காய் எண்ணெயைத்தான் தேய்க்கிறார்கள். அது காயாத எண்ணெய், பிசுபிசுப்பாகிச் சிக்கு வாடை அடிக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கிற காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் மெல்லிசாகப் பூசி, துடைத்து, காயவிட்டு மறுபடி. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

ஒரு கத்திக்கு ஆன செலவு: பட்டை இரும்பு 20 ரூபாய், கொல்லர் கூலி 250, பித்தளை ஆணி 15, சாரப் பலகை 50, ஒட்டுகிற பிசின் 40, ஃபிளாப் டிஸ்க்கும் உப்புத்தாளும் 120. இரும்பை விட உப்புத்தாள் ஆறு மடங்கு. மிச்சம் பிடிக்கலாம் என்று மழுங்கிய தாளையே வைத்து அழுத்தியபோது பித்தளை ஆணி தொட முடியாத சூடு ஏறி, அதைச் சுற்றிப் பிசின் இளகி ஆணி சுழன்றது. ஆணித் தலையை விரலால் தொட்டுக்கொண்டே தேய்க்கிறேன், சுட்டால் நிறுத்திவிடுவேன். தாள் மழுங்கினால் தூக்கிப்போட்டுவிடுவது.

அடுத்த எட்டுக் கத்தியில் மாற்றப்போவது இரண்டு. பிடி அகலம் 30 மில்லி எனக்குச் சரி, கை சின்னதாக இருக்கிறவர்களுக்கு மொந்தையாக இருக்கிறது. 26-க்கு இறக்கி, வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் உப்பலாக விடப் போகிறேன். இரண்டாவது, ஆணி. பித்தளைக்கும் இரும்புக்கும் நடுவே உப்புநீர் நின்று பச்சை பூக்கிறது, அதைச் சுற்றி இரும்பும் அரிக்கிறது. 5 மில்லி ஸ்டெயின்லெஸ் கம்பி இரண்டடி வாங்கி வைத்திருக்கிறேன். அடித்துத் தலை விரிப்பது பித்தளை அளவுக்கு லேசாக இருக்காது, அதனால் தலை விரிக்காமல் பிசினை மட்டும் நம்பி, ஆணியின் உடம்பைக் கீறிவிட்டு இறக்கிப் பார்க்க வேண்டும். அலகு எட்டும் கொல்லரிடம் சாம்பலில் கிடக்கின்றன.